வீட்ல ஆள் இருக்கு

அந்தப் பொண்ணுகிட்ட படிப்பைப் பத்தி மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க சார். வேற என்ன வேணா கேளுங்க. சாப்பிட்டியா, தண்ணி ஒழுங்கா வருதா, மாடியில காத்து வருதான்னு எல்லாம் கேக்கலாம். என்னம்மா படிக்கிறேன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிடும். போன தடவை பெங்களூர்ல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. ஆசையாத்தான் கேட்டாங்க. அப்புறம் அவங்களும் நானும் ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டு, பக்கத்து வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்தோம்.

நீங்க ஜன்னல் பக்கம் வாங்க. இல்ல இல்ல, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பையை மடியில வெச்சுக்கோங்க. தூரம்தான் சார், நான் மறைக்க மாட்டேன். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. இறங்கும்போது எனக்கே இடுப்பு கழண்டு வந்துடும். கார்லயே போயிருக்கலாம்னு நெனைக்கிறீங்க. கார் உள்ள நுழைஞ்சா போதும் சார், ஆளாளுக்கு ஒரு மனுவை எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க. லிஃப்ட் ஓடலைம்பாங்க, மோட்டார் ரிப்பேரும்பாங்க. நல்லது எதையும் பாக்க விடமாட்டாங்க. பஸ்னா நாம யாருன்னு யாருக்கும் தெரியாது. நிம்மதியாப் பேசிக்கிட்டும் போகலாம்.

சொந்தக் கால்ல நிக்கிற குடும்பமா ஒண்ணு காட்டுங்கன்னு ஆபீஸ்ல கேட்டீங்க இல்ல? அப்ப எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. பிலோமினா மேடத்தைக் கேளுங்கன்னாங்க. எனக்கு யோசனையே இல்ல. தேசம்மா குடும்பம்னு உடனே சொன்னேன். நாங்க தெருவுல இருந்து கூட்டிக்கிட்டு வந்து வீடு குடுத்த குடும்பத்துல பாதிக்கு மேல திரும்பிப் போயிடுச்சு சார். உங்க கிட்ட சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். சாவியை வாங்கிக்குவாங்க, போட்டோவுக்குச் சிரிப்பாங்க, பொங்கல் முடிஞ்சு போய்ப் பாத்தா வீடு பூட்டிக் கிடக்கும். தேசம்மா வீடு அப்படி இல்ல. எப்பப் போனாலும் கதவு திறந்திருக்கும்.

பூக்கடைத் தெருவுல ஒரு பழைய குடோன் சுவர் இருக்கு. அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தாங்க. தேசம்மா, அவ புருஷன் கன்னியப்பன், ஒரே பொண்ணு யுவராணி. மூணு தலைமுறையா அங்கதான். சுவர்ல ரெண்டு ஆணி அடிச்சிருப்பாங்க சார். இந்த ஆணியில இருந்து அந்த ஆணி வரைக்கும் தேசம்மா வீடு. அதுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர் வீடு. சிரிக்காதீங்க, அங்க அதுதான் பட்டா. மழை வந்து தார்ப்பாயை அவுத்து வெச்சிருந்தாக்கூட, அந்த ஆணி இருக்குற வரைக்கும் வேற யாரும் அங்க பாயைப் போட மாட்டாங்க. தேசம்மா கல்யாணம் ஆகி வந்தப்ப அவ மாமியார் குடுத்த இடம் அது. நகை நட்டு இல்ல, பாத்திரம் இல்ல, அந்தச் சுவரைத்தான் குடுத்தாளாம்.

தேசம்மாவுக்குப் பூக்கட்டுற வேலை. நாம எல்லாம் தூங்குற நேரத்துலதான் அங்க பூ வந்து இறங்கும். கோழி கூவுறதுக்குள்ள கட்டிக் குடுத்துடணும். கன்னியப்பனுக்கு மீன்பாடி வண்டி, முன்னாடி பலகை வெச்ச மூணு சக்கர வண்டி. அதே பூ மூட்டையைக் கடை கடையா இறக்குவான். குடிப்பான், அளவாக் குடிப்பான். பொண்டாட்டியை அடிச்சு நான் பாத்தது இல்ல.

அந்தப் பொண்ணு இருக்கே, அது எமகாதகி. தெரு விளக்குல உக்காந்து படிச்சான்னு கதை எழுதுவாங்க இல்ல, அதெல்லாம் அது செய்யல. எதிர்ல இஸ்மாயில் பாய் மருந்துக் கடை. அந்தக் கடைப் படிதான் அதுக்குக் கிளாஸ் ரூம். ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைங்க பாய்னு சட்டமா உக்காந்துக்கும். பாயும் திருப்பி வைப்பாரு. டாக்டர் கிறுக்கின சீட்டை அவருக்குப் படிக்க முடியலேன்னா இதுகிட்டதான் காட்டுவாரு. இது ஒரு பார்வை பாத்துட்டு மருந்து பேரைச் சொல்லிடும். பார்மசி படிச்சுட்டு வா, கடையை உன் கையில குடுத்துட்டு நான் வீட்ல காலை நீட்டிக்கிறேன்னு அவர் சொல்லுவாரு. பத்தாவதுல நல்ல மார்க்கு. பக்கத்துலயே பொண்ணுங்க ஸ்கூல், அங்கயே பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்ல சேர்ந்தா. நான்தான் புக் எல்லாம் வாங்கிக் குடுத்தேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது சார். அந்தப் பொண்ணு மேல எனக்கு உயிர்.

அதனாலதான் அந்தக் குடும்பத்தை விடாமப் பிடிச்சேன். தேசம்மா லேசுல மசியல. "வூடு இன்னாத்துக்குக்கா? பொயப்பு இங்க கீது, நீ எங்கியோ காட்டாண்ட வூடு தர்றேன்ற. அங்க போயி ஆருக்குப் பூ கட்றது?" அப்படின்னு கேப்பா. நான் போவேன், அவ இதையே சொல்லுவா. நான் மறுபடியும் போவேன். ஒரு நாள் விடியக்காலையில போனேன். யுவராணி குளிச்சுக்கிட்டு இருக்கா. தேசம்மா ஒரு பக்கம் புடவையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, இன்னொரு பக்கம் கன்னியப்பன் முதுகைக் காட்டிக்கிட்டு போர்வையைப் பிடிச்சிருக்கான். நடுவுல அந்தப் பொண்ணு உடம்பைக் குறுக்கிக்கிட்டு அவசர அவசரமாத் தண்ணியை ஊத்திக்குது. லாரிக்காரன் ஒருத்தன் வேணும்னே வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனான். "வயசுப் பொண்ணு தேசம்மா. உனக்கு வேணாம்னா வேணாம், அதுக்கு ஒரு கதவு வேணாமா?" அப்படின்னேன். அவ புடவையை மடிச்சா. மறுநாள் அவளே ஆபீசுக்கு வந்துட்டா.

சாவி குடுக்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு முறை உண்டு. அந்த ஆணியைப் பிடுங்கணும். அதை நான்தான் கொண்டு வந்தேன். ஆணி சுவர்ல இருக்குற வரைக்கும் மனசு அங்கயேதான் இருக்கும், வீட்ல ஒட்டாது. கன்னியப்பனைப் பிடுங்கச் சொன்னா அவனுக்குக் கை வரல. யுவராணிதான் கல்லை எடுத்துத் தட்டித் தட்டி ரெண்டையும் கழட்டி என் கையில குடுத்தா. தைரியக்காரி. ஆணி போன மறுநாளே ஆந்திராவுல இருந்து வந்த ஒரு குடும்பம் அந்த இடத்துல தார்ப்பாய் கட்டிடுச்சு. பாத்தியா, இனிமே திரும்பிப் பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு தேசம்மாகிட்ட சொன்னேன்.

ஆவணியில பால் காய்ச்சினாங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணு பட்ட சந்தோஷத்தைப் பாக்கணுமே நீங்க. பாத்ரூமுக்குள்ள போயி தாப்பாளைப் போட்டுக்கும், திறந்துக்கிட்டு வரும், மறுபடியும் போயி போட்டுக்கும். ஒரே நாள்ல மூணு தடவை குளிச்சுது. வெளிய வந்து ஈரத் தலையோட என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, உள்ள நான் பாட்டுப் பாடினேன், யாருக்காச்சும் கேட்டுச்சா?" அப்படின்னு கேட்டுது. கேக்கலேன்னு சொன்னேன். அது சிரிச்ச சிரிப்பை இப்ப நெனைச்சாலும் எனக்குக் கண் கலங்குது.

அண்ணே, கொஞ்சம் காலை அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க, சார் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

எங்க விதி உங்களுக்குத் தெரியும், பணம் குடுக்குற உங்க கம்பெனி கையெழுத்துப் போட்ட விதிதான். குடும்பம் மூணு வருஷம் வீட்ல நிலையா இருக்கணும். அப்பத்தான் வீட்டுப் பத்திரம் அவங்க பேருக்கு மாறும். நடுவுல சொல்லாமக் கொள்ளாமப் போய்ப் பாப்போம். பூட்டிக் கிடந்தா ஒரு எச்சரிக்கை. மறுபடியும் பூட்டிக் கிடந்தா இன்னொண்ணு. மூணாவது தடவை வீடு வேற குடும்பத்துக்குப் போயிடும். கடுமையாத் தெரியும் உங்களுக்கு. ஆனா வெளிய எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்க சார். இதுவும் என் யோசனைதான், பெருமைக்குச் சொல்லல. முன்னாடி எல்லாம் வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போயிடுவாங்க.

தேசம்மாவுக்குப் பூ வேலை ராத்திரி. அந்த நேரத்துக்குப் புது வீட்ல இருந்து பஸ் ஏது? முதல் பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள பூவே வித்துப்போயிடும். அதனால புருஷனும் பொண்டாட்டியும் அங்கயே தங்க ஆரம்பிச்சாங்க. சுவர்தான் போயிடுச்சே, வண்டி மேலேயே படுத்துக்குவாங்க. பொண்ணு இருட்டோட பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போகும், இருட்டினப்புறம் வந்து சேரும். இந்தப் பஸ்லதான். நின்னுக்கிட்டே படிக்கும்னு கண்டக்டர்கூடச் சொல்லியிருக்காரு. நல்ல பழக்கம்தானே. என்ன ஒண்ணு, பகல்ல வீடு பூட்டியே கிடந்தது. ரெண்டு எச்சரிக்கை விழுந்துடுச்சு.

எனக்குத் தூக்கமே போச்சு. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த குடும்பம். இன்னொரு தடவை பூட்டிக் கிடந்தா தெருவுக்குத்தான் போகணும், தெருவுலயும் இப்ப இடம் இல்ல. கமிட்டியில சொல்லி விதியைத் தளர்த்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஒருத்தருக்குத் தளர்த்தினா எல்லாரும் கேப்பாங்க. விதி போட்ட நானே போயி அதை எப்படிக் கேக்குறது? அதனால ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் உக்கார வெச்சுப் பேசினேன். "உங்க மூணு பேருல யாராவது ஒருத்தர் பகல்ல வீட்ல இருந்தாப் போதும். விதிப்படி வீட்ல ஆள் இருக்கணும், அவ்வளவுதான்" அப்படின்னேன். யாருன்னு நான் சொல்லல சார். சத்தியமா நான் வாயைத் திறந்து ஒரு பேரும் சொல்லல. கன்னியப்பன் வண்டிச் சாவியைப் பாத்துக்கிட்டு இருந்தான். தேசம்மா பொண்ணைப் பாத்தா. பொண்ணு என்னைப் பாத்துது.

"எவ்ளோ நாளைக்குக்கா?" அப்படின்னு கேட்டுது.

பத்திரம் கைக்கு வர்ற வரைக்கும்தான்னு சொன்னேன். வீடுன்னு ஒண்ணு உங்களுதாயிட்டா அப்புறம் யாரும் வந்து எட்டிப் பாக்க மாட்டோம், நீ உன் இஷ்டத்துக்குப் படிக்கலாம்னேன். உண்மைதானே. அது சரின்னு சொல்லிட்டுது. அழல, ஒண்ணும் செய்யல. புத்திசாலிப் பொண்ணு, எதுக்கு அழப்போகுது?

டி.சி. வாங்க நானே போனேன். ஹெச்.எம். விடமாட்டேன்னுட்டாங்க. "ஏங்க, கிளாஸ்லயே முதல் ரெண்டு பேருல ஒருத்தி, இவளை நிறுத்துறீங்களே" அப்படின்னாங்க. நிறுத்தல மேடம், வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல சேக்குறோம்னு சொன்னேன். சேக்கலாம்னுதான் நெனைச்சேன். அங்க இருக்குற ஸ்கூலோ பத்தாவது வரைக்கும்தான். அதுவும் இல்லாம, பக்கத்து ஸ்கூலுக்குப் போனாலும் வீடு பூட்டித்தானே கிடக்கும்? வீட்ல இருந்தே எழுதலாம்னா, சயின்ஸுக்கு லேப் வேணும்னாங்க. சரி, பத்திரம் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாச்சு.

ஒரு தடவை அரிசி மாவு அரைக்கக் கீழ போயிருந்துதாம். அந்த நேரம் பாத்து எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் பார்வைக்கு வந்துட்டான், பூட்டுன்னு எழுதப் பாத்தான். கீழ இருந்து மாவுத் தூக்கோட மூணு மாடியும் ஓடி வந்திருக்கு, வழுக்கி விழுந்து முட்டியில தையல். அன்னியில இருந்து வாசலை விட்டு நகர்றதே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் மாவு அரைச்சுக் குடுக்குறாங்க, காய்கறி வாங்கிட்டு வர்றாங்க. தேசம்மாவும் கன்னியப்பனும் முன்னாடி வாரா வாரம் வந்தாங்க. இப்ப முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து எப்பவாவது வர்றாங்க. வந்தா ஒரு நாள் பூராத் தூங்குவாங்க, பொண்ணு உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கும். பாக்கவே நிறைவா இருக்கும் சார், ஒரே கூரைக்குக் கீழ மூணு பேரும்.

என் மனத்தாங்கல் ஒண்ணே ஒண்ணுதான். இத்தனை செஞ்ச எனக்கு அந்தப் பொண்ணு இப்ப வாங்கன்னுகூடச் சொல்றது இல்ல. போன மாசம் போனேன். ஊர்ல இருந்து பலாச்சுளை கொண்டு போயிருந்தேன், அதுக்குப் பிடிக்கும்னு. வாசல்ல நிலையில சாஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னுது. வாத்தியார் வந்தா எழுந்து நிப்பாங்களே, அப்படி. "வூட்ல ஆள் இருக்குது, எய்திக்கோங்க" அப்படின்னுது. நான் எழுத வரலடி, உன்னைப் பாக்க வந்தேன்னேன். "பாத்துட்டீங்க இல்ல?" அப்படின்னு கேட்டுட்டுத் திரும்ப உக்காந்துக்கிச்சு. பலாச்சுளையை அங்கயே வாசப்படியில வெச்சுட்டு வந்தேன். பஸ்ல வர்றப்ப அழுதுட்டேன் சார். எனக்கு நன்றி வேணாம். ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்கலாம் இல்ல?

கூடப் படிச்ச பொண்ணுங்க எல்லாம் காலேஜ் போயிடுச்சுங்க, அந்த வருத்தம் இருக்கும். இஸ்மாயில் பாய்கூடக் கடைக்கு வேற பொண்ணை வெச்சுக்கிட்டாரு. எத்தனை நாள் காத்துக்கிட்டு இருப்பாரு, அவருக்கும் வயசாகுது. அது இதுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. ஒரு மாப்பிள்ளை பாக்கலாமான்னு எனக்கு ஒரு யோசனை. வீட்டோட வர்ற மாப்பிள்ளையா இருந்தா வீடும் பூட்டிக் கிடக்காது.

என்ன சார், தண்ணி வேணுமா? இந்தாங்க. முகம் ஒரு மாதிரி இருக்கு உங்களுக்கு. பழக்கம் இல்லாதவங்களுக்கு இந்த ரோடு ஒத்துக்காது. ஆச்சு, இன்னும் ரெண்டு ஸ்டாப்தான்.

அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன், இதுக்காகவும்தான் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வர்ற மாசத்தோட தேசம்மா குடும்பத்துக்கு மூணு வருஷம் முடியுது. அந்தப் பொண்ணுக்கு அது நல்லாத் தெரியும், ஆவணி எப்ப பொறக்குதுன்னு பக்கத்து வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காம். போன கமிட்டியில உங்க கம்பெனி கடுதாசி வந்துது இல்ல, மூணு வருஷம் போதாது, குடும்பம் நிலைச்சுதான்னு உறுதியாத் தெரிய இன்னும் ரெண்டு வருஷம் பாக்கணும்னு? நல்ல யோசனை சார். நான்தான் முதல் ஆளாக் கையைத் தூக்கினேன். தேசம்மா குடும்பத்துக்கும் சேத்துத்தான்னு முடிவாச்சு. ஆனா இதை நான் போய்ச் சொன்னா அது என்னைத் தப்பா எடுத்துக்கும். ஏற்கெனவே பேச்சு சரியில்ல. பணம் குடுக்குறவங்க நீங்க, நீங்க எடுத்துச் சொன்னா மரியாதையாக் கேட்டுக்கும். மூணு வருஷம் இருந்தவ இன்னும் ரெண்டு வருஷம் இருக்க மாட்டாளா? பக்குவமாச் சொல்லிடுங்க.

இறங்குங்க, இறங்குங்க, இதான் ஸ்டாப். பாத்து, சாக்கடை. இந்த வரிசையில நாலாவது பில்டிங் நம்மளது. பெயின்ட் போன வருஷம் அடிச்சது. லிஃப்ட் வேணாம் சார், படியிலயே போயிடலாம், மெதுவா வாங்க. இருப்பாளான்னா கேக்கறீங்க? எங்க சார் போவா?

மூச்சு வாங்குதா, நில்லுங்க கொஞ்சம். அதோ அந்தக் கடைசிக் கதவு, திறந்திருக்கு பாருங்க. நான் சொன்னேன் இல்ல? வாசல்லயே உக்காந்திருக்கா. பாத்துட்டா. உங்களைத்தான் பாக்குறா, உங்க கையில இருக்குற ஃபைலைப் பாக்குறா. எழுந்துட்டா. தலையை ஒதுக்கிக்கிட்டு உள்ள ஓடுறாளே. நாற்காலி எடுத்துக்கிட்டு வர்றா சார், உங்களுக்கு. எனக்கு இத்தனை வருஷத்துல போட்டது இல்ல. சிரிக்கிறா. பத்திரம் கொண்டு வந்திருக்கீங்கன்னு நெனைச்சுட்டா போல இருக்கு.

போங்க சார். நீங்க முன்னாடி போங்க. நான் இப்படியே நிக்கிறேன்.